தாங்கியின் பசி

மனைவி சண்முகவடிவின் கணையத்தில் கட்டி இருப்பதாகச் சொன்ன நாளிலிருந்து அறவாழி யாரோடும் சண்டை போடவில்லை. ஸ்ரீவைகுண்டத்தில் இது பெரிய செய்திதான். மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்நேரமும் கறுப்புச் சட்டை. டீக்கடையில் யாராவது வாய் தவறிக் ‘கடவுள் புண்ணியத்துல’ என்று ஆரம்பித்துவிட்டால், அந்த ஆளின் டீ ஆறி ஆடை படிகிற வரை விடமாட்டார். இப்போது எதிரே ஒருவர் திருநீற்றை நீட்டினால்கூட ‘வீட்ல குடுத்துருங்க’ என்று சொல்லிவிட்டு நடந்துவிடுகிறார். ஊர்க்காரர்களுக்கு அதிலேயே விஷயம் புரிந்துவிட்டது.

கட்டி அப்படியொன்றும் பெரிதில்லை. ஆனால் ஈரலுக்குப் போகிற பெரிய ரத்தக் குழாயைச் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்தப் பிடியை விட்டு விலகினால் அறுவை செய்து எடுத்துவிடலாம். விலகாவிட்டால் எடுக்க முடியாது. எடுக்க முடியாவிட்டால் என்ன ஆகும் என்று அறவாழி கேட்கவில்லை. பாளையங்கோட்டை மருத்துவமனையின் கதிர்ச் சிகிச்சை டாக்டர் மெஹருன்னிசாவும் சொல்லவில்லை.

“மருந்து மட்டும் குடுத்தா கட்டி கொஞ்சம் அசரும், அவ்வளவுதான். கதிர் மட்டும் குடுத்தாலும் அப்படித்தான்” என்றார் டாக்டர். “ரெண்டையும் சேர்த்துக் குடுத்தாத்தான் விலகும். மருந்து கட்டியை ஊற வைக்கும். ஊறினதுக்கு மேல கதிர் விழணும்.”

“அப்பம் சேத்துக் குடுத்துர வேண்டியதுதான, டாக்டர்?”

“கணையத்தை ஒட்டிக் குடல் வளைஞ்சு போகுதே சார். மருந்து அதையும்தான் ஊற வைக்கும். அந்த நேரம் பார்த்துக் கதிர் பட்டா குடல் வெந்துரும். ஆனா ஒரு விஷயம். கட்டி மருந்தைச் சீக்கிரம் விடாது. குடல் விட்டுரும், ரத்தம் சுத்தமாச்சுன்னா. அந்த இடைவெளியிலதான் நாங்க கதிர் அடிக்கணும். உங்க வீட்டம்மாவோட ஈரல் பித்தம் அடைச்சுச் சோர்ந்து கிடக்கு. அதால ரத்தத்தைச் சுத்தம் பண்ண முடியாது. இன்னொருத்தர் ஈரல் பண்ணணும்.”

அந்த இன்னொருத்தருக்குத் தாங்கி என்று பெயர். நோயாளிக்கு மருந்து ஏற்றி, கட்டி ஊறியதும், இரண்டு பேர் ரத்தத்தையும் குழாய் வழியாகச் சில மணி நேரம் ஒன்றாக ஓட விடுவார்கள். நோயாளியின் உடம்பில் இருக்கிற விஷத்தைத் தாங்கியின் ஈரல் உடைத்துத் தள்ளும். பிறகு குழாயைக் கழற்றிவிட்டு நோயாளியை மட்டும் கதிர் அறைக்கு எடுத்துப் போவார்கள். தாங்கிக்குக் குமட்டும், முடி கொட்டும், வாயில் இரும்பை நக்கியது போல ஒரு ருசி நாள் முழுக்க இருக்கும்.

“எர்த் கம்பி வேலை” என்றார் அறவாழி. டாக்டர் அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சிரித்தார்.

மகள் கயல் ஓசூரில் நிறைமாதம். வடிவின் தம்பிக்குச் சர்க்கரை. மிச்சம் இருந்தது அறவாழிதான். சோதித்துப் பார்த்ததில் அவர் ரத்தம் அவள் ரத்தத்தோடு ஒத்துப்போனது. இத்தனை வருடக் குடித்தனத்தில் அவர்களுக்குள் ஒத்துப்போகாத ஒரே சங்கதி சாமிதான். அய்யர் இல்லாமல், தாலி இல்லாமல், மேடையில் மாலை மாற்றிக் கல்யாணம் செய்துகொண்டபோதே ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். அவள் பூஜை அலமாரிப் பக்கம் அவர் போவதில்லை, அவர் கூட்டங்களை அவள் கிண்டல் செய்வதில்லை. அவள் பாட்டுக்குத் தையல் மிஷினில் ஊராருக்கு ஜாக்கெட் தைத்துக்கொண்டே முருகனைக் கூப்பிடுவாள். இவர் பாட்டுக்கு முருகன் இல்லை என்று சொல்லிக்கொண்டிருப்பார். ஒப்பந்தம் பெரும்பாலும் மீறப்படவில்லை.

“ரெண்டே விதி” என்றார் டாக்டர். “தாங்கி மூணு வேளையும் நல்லா சாப்பிடணும். முட்டை, பருப்பு, மீன். விஷத்தை உடைக்க ஈரலுக்கு அதுதான் சரக்கு. இன்னொண்ணு, எங்ககிட்ட பொய் சொல்லக் கூடாது. காய்ச்சலோ, மாத்திரையோ, குடியோ, எதுவானாலும் சொல்லிரணும். ஒரு பொய் தெரிஞ்சாலும் அந்தத் தாங்கியை எடுத்துருவோம். அப்புறம் எந்த ஊர்லயும் சேர்த்துக்க மாட்டாங்க.”

“நான் பொய்யே சொல்லமாட்டேன், டாக்டர். அதனாலதான் எனக்குப் பாதி ஊரு விரோதி” என்றார் அறவாழி. அது உண்மையும்கூட.

முதல் சில வாரங்கள் எல்லாம் ஒழுங்காகத்தான் போயின. தினமும் காலையில் இரண்டு கட்டில்களில் பக்கத்துப் பக்கத்தில் படுப்பார்கள். நேரம் குறித்துக் கொடுக்கிற பிரிட்டோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பான். கதிர் எப்போது, எவ்வளவு என்று கணக்குப் போடுவது அவன் வேலை. தூத்துக்குடிப் பையன், ஆனால் இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். நர்ஸ் ஜெபராணி குழாய்களை மாட்டிக்கொண்டே, “சாப்ட்டாச்சா அண்ணாச்சி?” என்பாள். “ஆச்சு” என்பார். படம் எடுத்துப் பார்த்ததில் கட்டியின் பிடி ஒரு பக்கம் லேசாகத் தளர்ந்திருந்தது. அறவாழி அந்தப் படத்தைப் போனில் பிடித்து வைத்துக்கொண்டு, புரியாவிட்டாலும், போகிற வருகிற இடமெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

தீபாவளி அன்றைக்கு வெடிச்சத்தம் கேட்டுக்கொண்டிருந்தபோது வடிவு சொன்னாள், “நாளைக்கு சஷ்டி ஆரம்பம். கல்யாணமான நாள்ல இருந்து நான் விரதம் விட்டதே கெடையாது. இந்த வருசம் விட்டுப்போச்சே.”

“ஒங்க முருகனுக்கு ஒரு லீவு லெட்டர் எழுதிப் போட்டுரு.”

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கயலின் பிரசவத்தைப் பற்றி, தைத்துக் கொடுக்காமல் கிடக்கும் துணிகளைப் பற்றி எல்லாம் கவலைப்பட்டிருக்கிறாளே தவிர, அதுவரை தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

“எனக்குப் பயமா இருக்குங்க” என்றாள். “இந்த நேரம் பாத்து நான் வெறுங்கையோட நிக்கேனே.”

அவருக்கு அதைத் தாங்க முடியவில்லை. கட்டி என்று சொன்னபோது தாங்கினார். மஞ்சளாகி எலும்பாகி அவள் கிடப்பதைத் தாங்கினார். அவள் பயப்படுகிறாள் என்பதை மட்டும் தாங்க முடியவில்லை. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து யோசித்தார். மின்வாரியத்தில் ஒருவனால் வர முடியாவிட்டால் இன்னொருவன் அவன் டியூட்டியைப் பார்ப்பது வழக்கம். யாருக்கும் சொல்லத் தேவையில்லை, வேலை நடந்தால் போதும். அப்படித்தான் இதையும் நினைத்துக்கொண்டார். எனக்கு நம்பிக்கை கிடையாது, அவள் டியூட்டியை நான் பார்க்கிறேன், அவ்வளவுதான் என்று தனக்குத்தானே வழக்காடி ஜெயித்தார். புயல் நேரத்தில் இரண்டு நாள் சோறில்லாமல் கம்பத்தில் தொங்கிய உடம்புக்கு ஆறு நாள் பட்டினி என்ன செய்துவிடும்?

வடிவு சஷ்டிக்கு வெறும் இளநீரோடு இருப்பவள். அவரும் அப்படியே இருந்தார். யாரிடமும் சொல்லவில்லை. அவளிடம் சொன்னால் திட்டுவாள். மற்றவர்களிடம் சொல்ல வெட்கம். வாழ்நாள் முழுக்க அடுத்தவன் விரதத்தைக் கேலி செய்த வாயால், ‘நான் சஷ்டி விரதம்’ என்று எப்படிச் சொல்வது? தாங்கிகளுக்கென்று கேன்டீனில் கொடுக்கிற முட்டையும் மீனும் வாசலில் இருந்த காவலாளிக்குப் போயின. இளநீர் தயவில் விரல் நுனிச் சர்க்கரைச் சோதனையும் ஒழுங்காகவே வந்தது. ஜெபராணி “சாப்ட்டாச்சா?” என்றபோது “ஆச்சு” என்றார். முதல் தடவை சொல்லும்போது நாக்கு கொஞ்சம் புரண்டது. அடுத்த தடவை புரளவில்லை.

இரண்டாம் நாள் மாலை கண் இருட்டியது. இது நமக்கு ஆகாத வேலை, நாளைக்குச் சாப்பிட்டுவிடலாம் என்றுதான் நினைத்திருந்தார். மறுநாள் காலையில் ரத்தம் ஒன்றாக ஓட ஆரம்பித்துக் கொஞ்ச நேரம் ஆனதும் வடிவு, “ஏங்க” என்றாள்.

“என்ன? வலிக்கா?”

“வலி இல்ல. ஒரு மாதிரி இருக்கு.” அவள் தன் வயிற்றின் மேல் கையை வைத்துப் பார்த்தாள். “பசிக்கு.”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பிரிட்டோ எழுந்து நின்றுவிட்டான். நான்கு மாதமாகச் சோற்றைப் பார்த்தாலே ஓங்கரித்தவள். தண்ணீருக்குக்கூடக் கெஞ்ச வேண்டியிருந்தது. ஜெபராணி, “அம்மா, என்ன சொன்னீங்க? இன்னொரு தரம் சொல்லுங்க” என்றாள்.

“பசிக்குன்னேன். சொதி வேணும் போல இருக்கு. இஞ்சிப் பச்சடி வச்சு.”

“ஸ்தோத்திரம்!” என்று ஜெபராணி கத்தியே விட்டாள்.

கேன்டீனில் தேங்காய்ப்பால் சொதிக்கு எங்கே போவது? இட்லிதான் இருந்தது. பாலில் தோய்த்து ஒன்றரை இட்லி சாப்பிட்டாள். சாப்பிட்ட கையோடு கயலுக்குப் போன் போட்டு, “அம்மைக்குப் பசிக்குடி. நான் பிழைச்சுக்கிடுவேன். பேரப்பிள்ளைக்கு நாந்தான் சட்டை தைப்பேன்” என்றாள். போனின் அந்தப் பக்கம் கயல் அழுவது இந்தக் கட்டில் வரை கேட்டது. குழாயைக் கழற்றிவிட்டதும் அறவாழி நடைபாதைக்கு ஓடிப் போய்ச் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டார். அவர் வாயிலிருந்து “முருகா” என்று வந்தது. யாராவது கேட்டார்களா என்று திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. இன்னொரு தடவையும் சொன்னார்.

அதற்குப் பிறகு அவர் ஒரு பருக்கையைத் தொடுவாரா? பசி அவருக்கு ஏற ஏற, தினமும் குழாய் மாட்டினதும் அவளுக்கும் பசித்தது. அவள் சாப்பிடுவதைப் பார்த்து அவர் தம் பட்டினியை இன்னும் இறுக்கினார். இளநீரைக்கூடப் பாதியாக்கினார்.

சூரசம்ஹாரத்தன்று சாயங்காலம் வார்டு டிவியில் திருச்செந்தூர்க் கடற்கரை தெரிந்தது. கூட்டம் அரோகரா என்று சத்தம் போட்டது. வடிவும் படுத்தபடியே கையைக் குவித்தாள். குவித்த கையோடு குனிந்து ரத்தமாக வாந்தியெடுத்தாள். விரிப்பெல்லாம் நனைந்தது. அறவாழி அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, “யாராவது வாங்களேன்! யாராவது வாங்களேன்!” என்று அலறினார்.

குழலை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். குடல் வெந்திருந்தது. ரத்தம் கசிந்த இடத்தைக் கவ்வி நிறுத்தியாயிற்று என்று டாக்டர் மெஹருன்னிசா வந்து சொன்னார். உயிருக்கு இப்போதைக்குப் பயமில்லை.

“கதிர்?” என்றார் அறவாழி.

“இங்க எல்லாருக்கும் நிறுத்தியாச்சு. கணக்கு எங்கேயோ தப்பியிருக்கு. நாளன்னைக்கு விசாரணைக் குழு வருது. இந்த மெஷினை ஒருவேளை மூடிருவாங்க. உங்க வீட்டம்மாவுக்குப் புண் ஆறட்டும். ஆறினதும் மதுரைக்கு அனுப்பப் பார்க்கிறேன். அங்கேயும் தாங்கிச் சிகிச்சை இருக்கு. நீங்களும் கூடப் போங்க. கட்டி விலகிட்டு வருது சார், இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. விட மனசில்லை.”

மறுநாள் பிரிட்டோ அவரைத் தேடி வண்டிகள் நிறுத்துமிடத்துக்கு வந்தான். முகம் வீங்கியிருந்தது.

“அண்ணாச்சி, நான் திருப்பித் திருப்பிக் கணக்குப் போட்டுப் பாத்துட்டேன். தப்பே வரல. வரலங்கிறதுதான் பயமா இருக்கு. ரத்தத்துல மருந்து எவ்வளவு இருக்குன்னு பாத்துரலாம். குடல் சுவருல எவ்வளவு ஒட்டிக்கிட்டு இருக்குன்னு பாக்க முடியாது. ஒங்க ஈரல் இவ்வளவு வேகமா உடைக்குதுன்னு ஆரம்பத்துல அளந்தோம்லா? அதை வச்சுத்தான் நான் நேரம் குறிப்பேன். எங்க சறுக்கிச்சுன்னு தெரியல. குழு வந்தா என் பேரைத்தான் எழுதுவாங்க. நான் போறேன், அது கெடக்கட்டும். உள்ள பாதியில நிக்கிறவங்க என்ன செய்வாங்க?”

அறவாழி வேட்டியை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

“நீங்க நல்லாச் சாப்ட்டியள்லா, அண்ணாச்சி?”

“சாப்ட்டேன்.”

“ஒண்ணே ஒண்ணுதான் எனக்கு இடிக்கு. அம்மாவுக்குப் பசிச்சுதே. இந்தக் கட்டிக்கு, இந்த மருந்துக்குப் பசி வரவே வராது. அன்னைக்குச் சந்தோசத்துல நானும் யோசிக்கல. பசிங்கிறது வயிறு ரத்தத்துல அனுப்புற ஒரு சேதிதான. ரத்தம் ரெண்டு பேருக்கும் ஒண்ணாத்தான ஓடிச்சு? அவங்களுக்கு வராத பசி பின்ன எங்க இருந்து…”

அவன் தனக்குத்தானே பேசுவது போலத்தான் பேசிக்கொண்டு வந்தான். பாதியில் நின்றுவிட்டான். அறவாழியின் ஒட்டிய கன்னத்தையும், இடுப்பில் பிடித்து இறுக்கியிருந்த வேட்டியையும் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

“நான் எதுவும் கேக்கல, அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அறவாழி ஒரு வண்டியின் மேல் சாய்ந்துகொண்டார். சுவரில் தலையைச் சாய்த்து அவர் கூப்பிட்டது, நன்றி சொன்னது எல்லாம் அவருடைய சொந்த வயிற்றுக்கு. அவளுக்குப் பசித்த ஒவ்வொரு நாளும் அவர் ஈரல் சோம்பிக் கிடந்திருக்கிறது. அந்தச் சோம்பல் தெரியாமல் அவளைக் கதிருக்குக் கீழே கிடத்தியிருக்கிறார்கள். அவளைச் சுட்டது கதிர் இல்லை, தான்தான் என்று தெரிந்தபோது அவருக்கு அழுகைகூட வரவில்லை. தன் தலையிலேயே இரண்டு அடி அடித்துக்கொண்டார்.

சொல்லாமல் இருந்துவிடலாம். யாரிடமும் சாட்சி இல்லை. பிரிட்டோ வாயைத் திறக்க மாட்டான், அவன் முகமே சொல்லிவிட்டது. மதுரைக்குப் போய், வேளாவேளைக்குத் தின்று, மிச்சச் சிகிச்சையை முடித்துவிடலாம். இன்னும் கொஞ்சம்தான் பாக்கி என்று டாக்டரே சொன்னார். சொல்லிவிட்டால் தாங்கிப் பட்டியலில் இருந்து பெயர் போய்விடும், அவளுக்கு வேறு ஆள் இல்லை. ஒரு பொய், ஏற்கெனவே சொன்ன பொய். புதிதாக ஒன்றும் செய்ய வேண்டாம், சும்மா இருந்தால் போதும். அதுதான் அவரை ஆட்டியது.

சும்மா இருக்கத்தான் மேலே ஏறினார். நடைபாதையில் கருங்குளத்துப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். தன் அண்ணனுக்குத் தாங்கியாக வந்தவள். மெஷின் நின்றுபோனது தெரியாமல் கேன்டீன் தட்டில் இருந்த முட்டைகளை ஒவ்வொன்றாக உரித்து, பிடிக்காமல், மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கிக்கொண்டிருந்தாள். அறவாழி அவளைத் தாண்டிப் போனார். திரும்பி வந்தார். பிறகு நேரே டாக்டர் மெஹருன்னிசாவின் அறைக்குள் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

டாக்டர் ஜெபராணியைக் கூப்பிட்டார்.

“விரதம் நோன்பு எதுவும் உண்டான்னு தாங்கிகிட்ட கேக்கணுமில்லையா சிஸ்டர்? எல்லார்கிட்டயும் கேட்டீங்க. இவர்கிட்ட கேட்டீங்களா?”

ஜெபராணி அழ ஆரம்பித்தாள். “கேக்கல மேடம். கறுப்புச் சட்டை போட்ட அண்ணாச்சிகிட்டப் போயி சஷ்டி விரதமான்னு எப்படிக் கேப்பேன்? கிண்டல் பண்ணுவாங்கன்னு விட்டுட்டேன்.”

“நோன்பு மாசத்துல என் சொந்த மாமா தாங்கியா வந்தாரு. நம்பாம அவர்கிட்டயே ரெண்டு தடவை கேட்டேன்” என்றார் டாக்டர். பிறகு அறவாழியைப் பார்த்து, “ஏன் சார் இப்படிச் செஞ்சீங்க? உங்களுக்கு நம்பிக்கை இருக்கா?”

“இல்ல.”

“அப்புறம் எதுக்கு?”

“அவ பயந்துட்டா டாக்டர். எனக்கு வேற என்ன செய்யன்னு தெரியல.”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். “உங்க பேரை எடுக்கணும். மதுரைக்கும் சொல்லணும். எனக்கு வேற வழி இல்லை.”

காரணம் தெரிந்துவிட்டதால் அன்று மாலையே மெஷின் திரும்ப ஓடியது. கருங்குளத்துக்காரி அண்ணன் பக்கத்தில் படுத்தாள். பிரிட்டோ கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தான். அவன் அறவாழியைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தான். இவர் நிற்கவில்லை.

வடிவை வார்டுக்கு மாற்றிய அன்று அவளிடமும் சொன்னார். தலையைக் குனிந்துகொண்டு, ஒன்றையும் விடாமல் சொன்னார்.

“ஒங்கள யாரு இருக்கச் சொன்னா?” என்றாள். குரலே எழும்பவில்லை, ஆனால் கோபம் குறையாமல் வந்தது. “முருகன் கேட்டானா? நான் கேட்டேனா? படுத்துக் கெடக்கவ விட்டா அவன் பொறுத்துக்கிடுவான். ஊர்ல இருக்கவன் எல்லாத்தையும் கேள்வி கேப்பியளே, ஒங்கள நீங்க ஒரு கேள்வி கேட்டியளா?”

அவர் அடியை வாங்கிக்கொள்ளத் தயாராக வந்தவர்தான். இன்னும் திட்டட்டும் என்று நின்றார். ஆனால் அவள் நிறுத்திவிட்டாள். விட்டத்தைப் பார்த்தாள்.

“அப்பம் அந்தப் பசி எனக்கு வந்தது இல்லையா?” என்று கேட்டாள்.

அவர் போர்வையை இழுத்து அவள் காலை மூடினார்.

“கயல்கிட்டச் சொல்லிட்டேனே” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அதன் பிறகு அவள் அவரோடு பேசவில்லை. யாரோடும் பேசவில்லை. குடல் புண் மெல்ல ஆறியது, கஞ்சி கொடுக்கலாம் என்றார்கள். ஒரு வாய்கூட இறங்கவில்லை. மூக்கு வழியாக ஊற்றியதும் திரும்பி வந்தது. அறுவை டாக்டர் புதிய படத்தைப் பார்த்தார். அடித்த கதிரெல்லாம் வீணாகவில்லை, ரத்தக் குழாயை விட்டுக் கட்டி முக்கால்வாசி விலகியிருக்கிறது, துணிந்து உள்ளே போய்ப் பார்க்கலாம் என்றார். “ஆனா இந்த உடம்புல கத்தி வச்சா மேஜையிலேயே போயிருவாங்க. கொஞ்சமாவது சாப்பிட்டுத் தேறட்டும்.” அவ்வளவுதான் பாக்கி. கணையம், கதிர், மருந்து என்று அவ்வளவு தூரம் போய்விட்டு, கடைசியில் ஒரு கரண்டி கஞ்சியில் வந்து நின்றது. அறவாழி கிண்ணத்தை ஏந்திக்கொண்டு, “ஒரு வாய் வடிவு, ஒரே ஒரு வாய்” என்று பிச்சைக்காரனைப் போலக் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் பற்களைத் திறக்கவில்லை. வேண்டாமென்று இல்லை, முடியவில்லை. அவளே ஒருநாள் முயன்று பார்த்து, ஓங்கரித்து, கண்ணெல்லாம் சிவந்து சாய்ந்தாள்.

டாக்டர் மெஹருன்னிசா சுற்றுக்கு வந்த ஒரு காலையில் வடிவு வாயைத் திறந்தாள்.

“டாக்டர், எங்க ரெண்டு பேரையும் இன்னொரு தடவ சேத்து விடுவீங்களா?”

“அது முடியாதும்மா. சிகிச்சை நிறுத்தியாச்சு. சார் பேரையும் எடுத்தாச்சு.”

“மருந்து வேண்டாம், கதிரும் வேண்டாம். வெறும் ரத்தத்த மட்டும் சேத்து விடுங்க. அவிய ஒரு நாள் பட்டினி கெடக்கட்டும். நான் நாலு வாய் சாப்பிட்டுக்கிடுதேன்.”

கட்டிலின் காலடியில் நின்ற அறவாழி நிமிர்ந்து பார்த்தார்.

“அப்படியெல்லாம் யாரும் செஞ்சதில்லையேம்மா. விதியிலேயே இல்லை.”

“விதியில இல்லன்னா, கூடாதுன்னும் இல்லலா?” என்றாள் வடிவு. தைக்கக் கொடுத்தவர்களிடம் கூலி பேசும்போது அவளுக்கு வருகிற குரல் அது. அறவாழி அதைக் கேட்டு எத்தனையோ நாளாயிற்று.

டாக்டர் யார் யாருக்கோ போன் செய்தார். இரண்டு நாள் கழித்து, “தண்ணி மட்டும் குடிங்க சார், இது என் உத்தரவு” என்றார். அறவாழி சொன்னபடி கிடந்தார். இந்தத் தடவை வேண்டுதல் இல்லை, வெட்கம் இல்லை. வயிறு எப்போது கிள்ளும் என்று காவல் காத்தார். கிள்ள ஆரம்பித்ததும் நிம்மதியாக இருந்தது.

மறுநாள் பக்கத்துப் பக்கத்தில் படுத்தார்கள். ஜெபராணி குழாய்களை மாட்டினாள். வீட்டிலிருந்து அவளே சொதி வைத்துக் கொண்டுவந்திருந்தாள், காரமில்லாமல், சோற்றைக் குழைய மசித்து. அந்த வாசனையில் அறவாழியின் வாயில் எச்சில் ஊறியது. வடிவு மூக்கைச் சுளித்து முகத்தைத் திருப்பினாள்.

“இன்னும் வரல” என்றாள்.

காத்திருந்தார்கள். பம்பு ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிரிட்டோ கண்ணாடியை விட்டு இந்தப் பக்கம் வந்து நின்றான்.

வடிவு கையை வயிற்றுக்குக் கொண்டு போனாள். “வந்துட்டு” என்றாள் மெதுவாக. “குடு, ஜெபா.”

முதல் வாய் தொண்டையில் நின்று, பிறகு இறங்கியது. இரண்டாவது சுலபமாக இறங்கியது. ஒவ்வொரு வாய்க்கும் அறவாழி தன்னையறியாமல் விழுங்கிக்கொண்டார். “நல்லா இருக்கா?” என்றார். “உப்பு கம்மி” என்றாள். ஜெபராணி சிரித்தாள், பிரிட்டோ சிரித்தான். கிண்ணத்தில் கால்பங்கு குறைந்திருந்தது.

அப்போதுதான் அறவாழிக்குத் தன் வயிற்றில் ஏதோ இளகுவது தெரிந்தது. காலையிலிருந்து பிறாண்டிக்கொண்டிருந்தது கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. அவள் வயிற்றில் சோறு விழுந்த சேதி ரத்தத்தில் ஏறி இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தது. அவர் பசி போனால் அவள் பசியும் போய்விடும். கிண்ணத்தில் முக்கால்பங்கு அப்படியே இருந்தது.

அறவாழி கண்ணை இறுக மூடிக்கொண்டார். போயிடாத, இன்னும் நாலு வாய், நாலே நாலு வாய் இரு என்று தன் பசியைக் கெஞ்சினார். வாழ்க்கையில் யாரிடமும் அவர் அப்படிக் கெஞ்சியதில்லை.

பக்கத்துக் கட்டிலில் வடிவு அடுத்த வாய்க்கு வாயைத் திறந்தாள்.